அடுப்புக்கு மேலே தேக்குக் கதவு வெளுக்கிறது: குற்றம் பாலிஷ் மேலா, இட்லிக் கொப்பரை மேலா?

அம்பை மருமகள்

எல்லோருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரத்தில் இருந்து எழுதுகிறேன். இது ஒரு அடுப்படிப் பஞ்சாயத்து. ஏற்கெனவே மூன்று பேர் மூன்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள், அதனால்தான் இங்கே வருகிறேன்.

எங்கள் பழைய ஓட்டு வீட்டை 2021இல் பிரித்துக் கட்டினோம். அதில் இருந்த தேக்கு உத்திரங்களை வீணாக்க மனசில்லாமல், அறுத்து, அடுப்பு மேடைக்கு மேலே நான்கு கதவு வைத்த அலமாரி செய்தார் மாமா. சட்டம் போட்டு நடுவில் பலகை கோத்த கதவுகள். ஆள் வைத்துச் செய்தாலும் ஒரு நாள் பாக்கி இல்லாமல் பக்கத்திலேயே நின்றவர் அவர். அதனால் இந்தக் கதவுக்கு ஏதாவது ஒன்று என்றால் வீட்டில் யாருக்கும் காய்ச்சல் வந்ததுபோல ஆகிவிடும்.

நான்கில் மூன்று கதவுகள் இன்னமும் நேற்று மாட்டியதுபோல இருக்கின்றன. இடப்பக்கத்தில் இருந்து இரண்டாவது மட்டும்தான் கெட்டுப்போனது. கீழ்ச் சட்டத்தில் நாலு விரல் அகலத்துக்குப் பாலாடை படிந்த மாதிரி வெள்ளை. அதற்கும் கீழே, ஓரத்தில் மரம் கறுத்திருக்கிறது. சட்டங்கள் சேருகிற மூலையில் மயிரிழை அளவு வெடிப்பு. மழை நாளில் விரலை வைத்தால் பிசுக்கென்று ஒட்டுகிறது. ஐப்பசி பிறந்ததில் இருந்து பக்கத்துக் கதவோடு முட்டிக்கொண்டு, வெடுக்கென்று இழுத்தால்தான் திறக்கிறது. படம் போட்டிருக்கிறேன், பாருங்கள்.

அதற்கு நேர் கீழேதான் இட்லிக் கொப்பரை. ஆறு பேர் உள்ள வீடு, தினமும் மூன்று ஈடு. கொப்பரை மூடிக்கும் அலமாரியின் அடிப்பலகைக்கும் நடுவில் ஒரு சாண் நாலு விரல்தான் இருக்கிறது. மூடியைத் தூக்கினால் ஆவி நேரே அந்தக் கதவின் முகத்தில் போய் அடிக்கும். சிம்னி கிடையாது. எதிர்ச் சுவரில், மச்சை ஒட்டி ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறது.

இன்னொன்று. போன தீபாவளிக்கு டிஷ்வாஷர் வாங்கினோம். அதை ஒட்டி நிற்கிற கீழ் கபோர்டின் பக்கப் பலகை இப்போது பொத்தென்று உப்பிக்கொண்டு வருகிறது. இது மாமா செய்தது இல்லை, திருநெல்வேலியில் ஒரு கடையில் செய்யச் சொல்லி வாங்கியது. மரைன் பிளைவுட், அதாவது ஈரம் தாங்குகிற ஒட்டுப்பலகை, என்று பில்லில் இருக்கிறது.

இனித் தீர்ப்புகள். பாலிஷ்காரர்: "இன்னொரு கோட் அடிச்சா சரியாப் போகும்." (ஒரு தடவை அடித்தாயிற்று. ஐந்தே மாதத்தில் அதே வெள்ளை.) என் வீட்டுக்காரரின் சிநேகிதர்: "எல்லாத்தையும் சுரண்டிட்டு பி.யு. அடிங்க." (பி.யு. என்றால் பாலியூரித்தேன், மரத்துக்கு மேலே கெட்டிப் படலமாக நிற்கிற பூச்சு.) அத்தை: "தேங்கா எண்ணெ தொட்டுத் துடை." அதையும் செய்தேன். இரண்டு நாள் பளபளவென்று இருந்தது. மூன்றாம் நாள் மாவும் தூசியும் ஒட்டிக்கொண்டு, ஒரு வாரத்தில் சிக்கு வாடை வந்துவிட்டது.

மாமாவுக்குத் தெரியாமல் எதுவும் செய்யப் போவதில்லை. ஆனால் அவரிடம் போய்ப் பேச எனக்கு ஒரு விவரம் வேண்டும்.

பேட்டை மரக்கடை

தங்கச்சி, படம் பார்த்தேன். எண்ணெயை முதலில் நிறுத்துங்கள். அத்தையைச் சொல்லிக் குற்றமில்லை, நம் ஊரில் எல்லார் வீட்டிலும் அதைத்தான் செய்வார்கள். ஆனால் தேங்காய் எண்ணெய் காயாத எண்ணெய். எத்தனை நாள் ஆனாலும் எண்ணெயாகவேதான் இருக்கும். ஆளி விதை எண்ணெய் காற்றுப் பட்டு இறுகுமே, அந்தக் குணம் இதற்குக் கிடையாது.

உங்கள் கதவில் இருப்பது ஒரு நோய் இல்லை, இரண்டு. வெள்ளை என்பது பாலிஷுக்குள் மாட்டிக்கொண்ட ஈரம். கறுப்பு என்பது பாலிஷைத் தாண்டி மரத்துக்குள்ளேயே போய்விட்ட ஈரம். வெள்ளையை எடுப்பது சுலபம். கறுப்பு எந்த வழியாக உள்ளே போனது என்று தெரியாமல் மேலே எத்தனை கோட் அடித்தாலும் காசுக்குக் கேடுதான்.

எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. செல்போனில் முன்பக்கக் கேமராவைத் திறந்து, கதவுக்கு அடியில் மல்லாக்கப் பிடித்து ஒரு படம் எடுங்கள். கதவின் முகத்தை எல்லாரும் பார்ப்பார்கள், முதுகைப் பாதிப் பேர் பார்ப்பார்கள், அடியை யாரும் பார்க்க மாட்டார்கள். மாட்டின கதவுக்குப் பாலிஷ் போடுகிறவர் குனிந்து அடியில் துணியைக் கொண்டுபோவது அபூர்வம். நான் கழற்றிப் பார்த்த கதவுகளில் பெரும்பாலும் அடிப்பாகம் மொட்டை மரமாகத்தான் இருக்கும்.

அதிலும் நெடுக்குச் சட்டம் இரண்டின் வெட்டு முனையும் கீழே பார்த்துத்தான் இருக்கும். மரம் தண்ணீர் குடிக்கிற வாய் அதுதான். பத்தமடைக் கோரையைக் கட்டாகக் கட்டி, வெட்டின முனையைத் தண்ணீரில் வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் ஊறுவதைவிட முனை வழியாகப் பல மடங்கு வேகமாக ஏறும். ஏறினால் சட்டம் அகலத்தில் பருக்கும். நீளத்தில் அனேகமாக மாறாது. ஒரு சட்டம் பருத்து, அதோடு சேர்ந்த சட்டம் அந்தத் திசையில் அசையாமல் நின்றால் மூலையில் பாலிஷ் கிழியாமல் என்ன செய்யும்? உங்கள் மயிரிழை வெடிப்பு அதுதான். கதவு முட்டுவதும் அதனால்தான்.

அப்புறம், போட்டிருப்பது என்ன பாலிஷ் என்று பாருங்கள். உள்பக்கம் கீல் மறைவில், பஞ்சில் கொஞ்சம் ஸ்பிரிட்டு தொட்டு அரை நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். பிசுபிசுத்து, பஞ்சில் பழுப்பு ஏறினால் அது அரக்குப் பாலிஷ், பிரெஞ்சு பாலிஷ் என்பார்கள். அசையவில்லை என்றால் வேறொரு இடத்தில் தின்னர் தொட்டுப் பாருங்கள். இளகினால் லாக்கர். அதற்கும் இளகவில்லை என்றால் மெலமைனாகவோ பி.யு.வாகவோ இருக்கும், இரண்டும் இறுகின பிறகு கரையாத பூச்சு. அடுப்பு, பக்கத்தில் இருக்கிற விளக்கு எல்லாவற்றையும் அணைத்துவிட்டுச் செய்யுங்கள். ஸ்பிரிட்டும் தின்னரும் குபீரென்று பிடிக்கும்.

பாளை வேதியியல்

பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன். மரவேலை எனக்குத் தெரியாது, தண்ணீர் தெரியும்.

இட்லியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள் அம்மா. கேஸ் அடுப்பே தண்ணீர் விடும். சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும். இவை எரியும்போது கார்பன் டை ஆக்சைடோடு நீராவியும் உண்டாகும். ஒரு கிலோ புரொப்பேன் முழுதாக எரிந்தால் சுமார் 1.6 கிலோ தண்ணீர். பியூட்டேனும் ஏறக்குறைய அதே கணக்குத்தான். அப்படியானால் 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீர்வதற்குள் உங்கள் சமையலறைக் காற்றில் 22 லிட்டருக்குப் பக்கமாகத் தண்ணீர் கலந்திருக்கும். கொப்பரையே வைக்காமல் வெறும் சட்டியைக் காய வைத்தாலும் இது உண்டு. இட்லி ஆவி, சோறு வடிக்கிற ஆவி எல்லாம் இதற்கு மேலே.

பழைய ஓட்டு வீட்டில் இத்தனை ஆவியும் ஓட்டு இடுக்கு வழியாகப் போய்க்கொண்டே இருந்தது. அதே உத்திரம் அப்போது அடுப்புக்கு மேலேதானே கிடந்தது, கெட்டதா? இப்போது மேலே கான்கிரீட் மச்சு. போக வழியில்லை. விடியற்காலை ஐந்தரை மணிக்கு அலமாரிக் கதவு குளிர்ந்து கிடக்கும். சூடான ஈரக்காற்று அதில் பட்டதும் குளிர்ந்த சொம்புக்கு வெளியே வியர்ப்பதுபோல வியர்க்கும். அந்த வியர்வை வழிந்து கீழ் விளிம்பில் போய்த் தொங்கும். பேட்டைக்காரர் சொன்ன மொட்டை மரம் அங்கேதான் இருக்கிறது.

எக்ஸாஸ்ட் ஃபேன் எதிர்ச் சுவரில் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி, கொப்பரை வைக்கிற இடத்தில் பிடித்து, ஃபேனைப் போட்டுப் பாருங்கள். புகை எந்த வழியாகப் போகிறதோ அதுதான் ஆவி போகிற வழி. பின்வாசல் கதவை மூடிவைத்து ஒரு தடவை, திறந்துவைத்து ஒரு தடவை.

சிம்னி வாங்குவதாக இருந்தால் குழாய் வைத்து வெளியே விடுகிறதை வாங்குங்கள். குழாய் இல்லாமல் வடிகட்டி மட்டும் வைத்தது எண்ணெய்ப் பிசுக்கையும் வாடையையும் பிடிக்கும், நீராவியைப் பிடிக்காது. அதே ஈரத்தைத் திரும்ப உங்கள் முகத்திலேயே விடும்.

விகேபுரம் அக்கா

கொப்பரையைப் பக்கத்து அடுப்புக்கு மாற்றக் கூடாதா? இதற்கா இத்தனை விஞ்ஞானம்?

எங்கள் வீட்டில் கரண்டு கெட்டிலை ஷெல்ஃபுக்கு அடியில் வைத்து, ஒரே வருஷத்தில் மைக்கா ஓரம் நாக்கை நீட்டிவிட்டது. இப்போது கெட்டிலும் சோறு குக்கரும் வேலை செய்யும்போது மேடையின் முன் ஓரத்துக்கு வரும், வேலை முடிந்ததும் உள்ளே போகும். செலவு ஒன்றும் இல்லை. சின்னப் பிள்ளைகள் உள்ள வீடு என்றால் மட்டும் வயரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்பை மருமகள்

அக்கா, பக்கத்து அடுப்புச் சின்னது. கொப்பரை வைத்தால் இரண்டாம் ஈடு வேகவே ஒன்பது மணி ஆகும், பிள்ளைகள் பட்டினியாகத்தான் பள்ளிக்கூடம் போக வேண்டும். ஆனாலும் நீங்கள் சொன்னதை வைத்து ஒன்று செய்தேன், கடைசியில் சொல்கிறேன்.

பேட்டை அண்ணாச்சி, உங்கள் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். அடியில் போனைப் பிடித்து எடுத்த படம் இதோ. பாலிஷ் ஒரு சொட்டுக்கூட இல்லை. அறுத்த வாள் தடம்கூட அப்படியே தெரிகிறது. முனை இரண்டும் கரிக்கட்டை மாதிரி கறுத்திருக்கின்றன. மற்ற மூன்று கதவுக்கும் அடியில் பாலிஷ் இல்லைதான், அவற்றுக்கு அடியில் கொப்பரை இல்லாததால் பிழைத்திருக்கின்றன.

ஸ்பிரிட்டு வைத்ததும் பஞ்சு தேன் கலருக்கு மாறியது. அரக்குத்தான். மாமாவிடம் கேட்டேன். "பின்னே? மெலமைன் அடிச்சா பிளாஸ்டிக் மாதிரில்லா இருக்கும்" என்றார். அவரே கேட்டுப் போடச் சொல்லியிருக்கிறார்.

வேதியியல் சார், ஊதுபத்தி விஷயம். அடுப்படியில் ஊதுபத்தி வாசம் வந்ததும் அத்தை "என்ன விசேஷம்" என்று எழுந்து வந்துவிட்டார்கள். இரண்டு பேருமாக நின்று பார்த்தோம். பின்வாசல் மூடியிருந்தபோது புகை நேரே ஏறி, அலமாரியின் அடிப்பலகையில் முட்டி, கதவு இடுக்கு வழியாக உள்ளே போய், மசால் டப்பாக்களைச் சுற்றிவிட்டு, மேல் இடுக்கில் வெளியே வந்து, அப்புறம்தான் ஃபேனுக்குப் போகிறது! கதவின் முதுகிலும் அதனால்தான் வெள்ளை இருக்கிறது போல. பின்வாசலைத் திறந்ததும் புகை சாய்ந்து, அலமாரிக்கு முன்னால் ஒரு முழம் தள்ளியே போய்விட்டது. கொசுவுக்குப் பயந்து விடியற்காலையில் அந்தக் கதவை நாங்கள் திறப்பதே இல்லை. வலைக்கதவு அடிக்கச் சொல்லியாயிற்று.

அக்காவுக்குப் பதில்: அடுப்பையே சுவரில் இருந்து முன்னால் இழுத்துவிட்டேன், ஆறு விரற்கடை. டியூப் நீளம் போதுமாக இருந்தது. இப்போது மூடியை முன்பக்கமாகச் சாய்த்துத் திறந்தால் ஆவி கதவில் அடிக்காமல் வெளியே வருகிறது. என் முகத்தில் அடிக்கிறது, அது வேறு விஷயம்.

டிஷ்வாஷர் பக்கம் யாராவது சொல்லுங்களேன்.

கடையநல்லூர் கிச்சன்

மாடுலர் கிச்சன் வேலை செய்கிறேன். உப்பின இடத்தில், கீல் ஸ்க்ரூ ஒன்றைக் கழற்றி, ஓட்டைக்குள் ஒரு ஊக்கை விட்டுக் கிண்டிப் பாருங்கள். சிலாம்பு சிலாம்பாக வந்தால் பிளைவுட். உமி மாதிரி உதிர்ந்தால் பார்ட்டிகிள் போர்டு, மரத்தூளைப் பசை போட்டு அழுத்திச் செய்த பலகை. மரைன் பிளைவுட்டுக்கு ஐ.எஸ். 710 என்று முத்திரை இருக்கும், ஐ.எஸ். 303 என்பது சாதாரண உபயோகத்துக்கு. பலகையில் எங்காவது முத்திரை தெரிகிறதா பாருங்கள். பிளைவுட் என்றால் காய்ந்ததும் ஓரளவு அடங்கும். பார்ட்டிகிள் போர்டு ஒரு தடவை உப்பினால் உப்பினதுதான், பலகையை மாற்ற வேண்டியதுதான்.

டிஷ்வாஷரால் கெடுவது முக்கால்வாசியும் திறக்கிற விதத்தில்தான். கழுவி முடிந்த சூட்டில் கதவை ரெண்டு விரல் மட்டும் திறந்துவைப்பார்கள், காயட்டும் என்று. அந்த இடுக்கு வழியாக அத்தனை ஆவியும் ஒரே வீச்சாக மேல் கல்லிலும் பக்கப் பலகை ஓரத்திலும் அடிக்கும். அரை மணி நேரம் மூடியே விடுங்கள். இல்லையென்றால் முழுசாக இழுத்துத் திறந்துவிடுங்கள். நடுவாந்தரமாக வேண்டாம். மெஷினோடு வெள்ளிக் காகிதம் மாதிரி ஒட்டுகிற பட்டை ஒன்று சில கம்பெனிகள் கொடுக்கும், பெட்டியைத் தேடிப் பாருங்கள். மேடைக்கு அடியில் ஒட்டுவதற்கு. அது இல்லை என்றால் அலுமினிய டேப் வாங்கி, பக்கப் பலகையின் முன் ஓரத்தை மடித்து ஒட்டலாம். பலகையின் அடி ஓரமும் தரையில் உட்காரக் கூடாது, கால் வைத்துத் தூக்கி நிற்க வேண்டும்.

மேல் கதவுக்கு என் கருத்து பி.யு.தான். ஒரே தடவையில் தொல்லை தீரும்.

பேட்டை மரக்கடை

கடையநல்லூர்த் தம்பி சொன்னதில் டிஷ்வாஷர் சமாச்சாரம் அத்தனையும் சரி. 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் வீடு வீடாகப் போய் வேலை பார்த்தேன். பார்ட்டிகிள் போர்டு கபோர்டெல்லாம் ஊறின ரொட்டியாகிக் கீழே உட்கார்ந்திருந்தது. அதே வீட்டில் தாத்தா காலத்துத் தேக்கு அலமாரி ஒரு மாசம் காற்றாடக் காய்ந்து பழையபடி நின்றது.

பி.யு. விஷயத்தில்தான் தம்பியோடு ஒத்துப்போக முடியவில்லை. சூட்டுக்கும் ஆவிக்கும் அரக்கைவிட பி.யு. கெட்டி, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மெழுகு நீக்காத அரக்குக்கு மேலே பி.யு. பிடிக்காது, தோல் மாதிரி உரிந்து வரும். அடிக்க வேண்டுமென்றால் மரம் தெரிகிற வரை சுரண்ட வேண்டும். பெரியவர் பார்த்துப் பார்த்துப் போட்ட பாலிஷைச் சுரண்டிவிட்டு அந்த வீட்டில் நீங்கள் குடியிருக்க முடியுமா, தங்கச்சி?

முகத்தில் அரக்கே இருக்கட்டும், அடியில் மட்டும் பி.யு. அடியில் அரக்கு ஏறவே இல்லையே, வெறும் மரம்தான், நன்றாகப் பிடிக்கும்.

கதவைக் கழற்றி, வெயில் படாத இடத்தில், இரண்டு ரீப்பர் கட்டை மேல் படுக்கவைத்துக் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் கோணிக்கொள்ளும். எப்போது காய்ந்தது என்று கண்ணுக்குத் தெரியாது. சூட்கேஸ் நிறுக்கிற தொங்கு தராசு இருந்தால் தினமும் ஒரே நேரத்தில் நிறுத்துப் பாருங்கள். எடை இறங்கிக்கொண்டே வரும். இறங்குவது நின்று இரண்டு மூன்று நாள் அதே எடை காட்டினால் வேலை தொடங்கலாம். ஈரத்தை உள்ளே வைத்து மூடினால் திறந்து வைத்ததைவிட மோசம்.

அந்தக் கறுப்பில் பாதி இரும்பு ஸ்க்ரூ செய்த வேலையாக இருக்கும். தேக்கில் இருக்கிற துவர்ப்பும் இரும்பும் ஈரமும் சேர்ந்தால் மை மாதிரி கறுக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ மாற்றிவிடுங்கள். கறுப்பு எடுக்க ஆக்ஸாலிக் ஆசிட் பொடி உண்டு. ஆனால் விஷம், சோறு பொங்குகிற இடத்தில் வேண்டவே வேண்டாம். அடியில்தானே, யார் பார்க்கப் போகிறார்கள், இருந்துவிட்டுப் போகட்டும்.

அடிக்கிற முறை: 180 நம்பர் உப்புத்தாளில் வாள் தடம் போகத் தேய்த்து, தின்னர்த் துணியால் ஒரு துடை. தேக்கில் எண்ணெய் உண்டு, துடைக்காமல் அடித்தால் பிடிப்பு இருக்காது. முகத்தில் வழியாமல் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். முதல் கோட்டைத் தண்ணியாகக் கலந்து வெட்டு முனைக்குக் குடிக்கக் குடிக்கக் கொடுங்கள். அப்புறம் இரண்டு கோட் கெட்டியாக. மொட்டை மாடியில், மாஸ்க் போட்டு, மழையில்லாத நாளில்.

முகத்து வெள்ளைக்கு இப்போது கை வைக்காதீர்கள். கார்த்திகை ஈரத்தில் அரக்குப் போட்டால் போடும்போதே வெள்ளை பூக்கும். தை கடைசிக்கு மேல், வறண்ட நாளாகப் பார்த்து, உருண்டைத் துணியில் ஸ்பிரிட்டை நாலே சொட்டு விட்டு, துணி ஈரமாக இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வருகிற அளவுக்குத்தான், விறுவிறுவென்று ஒரே வீச்சில் தடவிப் போக வேண்டும். நின்றால் துணி ஒட்டிக்கொண்டு பாலிஷையே பெயர்க்கும். வெள்ளை மறைந்ததும் மேலே மெல்லிசாக ஒரு கை அரக்கு.

அம்பை மருமகள்

பன்னிரண்டு நாள் கழித்து வருகிறேன்.

முதலில் கீழ் கபோர்டு. ஊக்கை விட்டுக் கிண்டியதில் உமிதான் கொட்டியது. பில்லை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்காரர் கடைக்குப் போயிருக்கிறார், அந்தக் கதை தனி. மெஷின் பெட்டிக்குள், விளக்கப் புத்தகத்தின் நடுவில், அந்த வெள்ளிப் பட்டை பிரிக்காமல் இருந்தது. வந்து மாட்டின ஆள் அதைக் கண்ணாலும் பார்க்கவில்லை.

மாமாவிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். துணி உருண்டை வரைக்கும் தலையாட்டிக்கொண்டே கேட்டார். பி.யு. என்ற வார்த்தை வந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். அடிக்கு மட்டும்தான் என்று சொன்ன பிறகு, "அடியில என்னத்தையும் பூசிக்கோ, மொகத்துல கை வைக்காத" என்றார். அவ்வளவுதான், கிடைத்துவிட்டது.

கதவு இப்போது தார்சாவில், ஃபேனுக்கு நேராகப் படுத்திருக்கிறது. வருகிறவர்கள் எல்லாம் தாண்டித் தாண்டிப் போகிறார்கள். கழற்றின அன்று 3.46 கிலோ. ஒரு கதவு இத்தனை தண்ணீரைக் குடித்திருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. நான்காம் நாள் 3.39, எட்டாம் நாள் 3.33. நிறுக்கிற வேலையை மூன்றாம் நாளே மாமா வாங்கிக்கொண்டார். காலைக் காப்பி முடிந்ததும் தராசில் தொங்கவிட்டு, நாள்காட்டியில் பென்சிலால் எழுதி வைக்கிறார், பால் கணக்குக்குப் பக்கத்தில்.

நேற்று 3.31. இன்றைக்கும் 3.31. நாளைக்கும் அதே எடை வந்து, மழையும் விட்டிருந்தால் அடிக்கு முதல் கோட். டேப்பை மாமாவே வாங்கி வைத்துவிட்டார், மற்ற மூன்று கதவுக்கும் சேர்த்து.